ஊசி போட்ட பட்டியிலும் கால் வாய் நோய்: பிறபொருளெதிரி மாறிவரும் ஓ வகை வைரசை எவ்வளவு தடுக்கும்?

கிரான்_பட்டி

எல்லாருக்கும் வணக்கம். முன்மாரி விதைப்புக்கு முதல் மாடுகள் மயிலத்தமடு, மாதவனை மேய்ச்சல்தரைப் பக்கம் ஏறணும். அதுக்குள்ள ஊசி வேலை முடியணும். மாரி வரக்குள்ள மட்டக்களப்பு வாவிக்கு மேற்கால படுவான்கரை முழுக்க ஒரே பேச்சுத்தான்: "ஊசி போட்ட மாட்டுக்கும் வாயில கொப்புளம் வருது, இது புது வைரஸ், ஊசி எடுபடாது." இரத்தம் எடுத்துப் பாத்தாலோ "பிறபொருளெதிரி (வைரசை முடக்க உடம்பு உண்டாக்கிற புரதம்) இரிக்கு" எண்டு அறிக்கை வருது. ரெண்டும் எப்படி ஒண்டாப் பொருந்தும்? ஆய்வுகூட ஆக்கள் ஆர்1 எண்டு ஒரு எண் சொல்றாங்க. அதை வெச்சு ஒரு பட்டிக்காரன் என்ன முடிவெடுக்கலாம்? தெரிஞ்ச ஆக்கள் விபரமா எழுதுங்க. சுருக்கிச் சொல்ல வேணாம்.

நீர்ப்பாயம்

வகை என்பது ஒன்று, அதே வகைக்குள் வரும் பரம்பரை என்பது இன்னொன்று. இதைப் பிரித்துக்கொண்டால்தான் மேலே போகலாம்.

கால் வாய் நோய் வைரசில் 7 வகை: ஓ, ஏ, சீ, ஆசியா 1, சாட் 1, சாட் 2, சாட் 3. ஒரு வகைக்கு உண்டான பிறபொருளெதிரி இன்னொரு வகையிடமிருந்து மாட்டைக் காப்பாற்றாது. சீ வகை 2004 க்குப் பிறகு உலகில் எங்கும் பதிவாகவில்லை. இலங்கையில் அண்மைக் காலத்தில் பரவியது ஓ வகை. அதனால் நம்முடைய கேள்வி ஓ வகைக்குள் நடக்கும் மாற்றத்தைப் பற்றியது.

வைரசின் உறை நான்கு புரதங்களால் ஆனது, ஒவ்வொன்றிலும் 60 பிரதி. உள்ளே ஏறத்தாழ 8,400 எழுத்து நீளமான ஆர்.என்.ஏ. அதைப் பிரதியெடுக்கும் நொதியத்துக்குப் பிழை திருத்தும் வசதி கிடையாது. ஒவ்வொரு தலைமுறையிலும் விகாரம், அதாவது எழுத்து மாற்றம், வந்துகொண்டே இருக்கும். உறையின் நான்கு புரதங்களில் ஒன்றான வீ.பி.1 இல் வெளியே நீண்டு நிற்கும் ஒரு வளையம் இருக்கிறது. மாட்டின் கலத்தோடு (உயிரணுவோடு) ஒட்டும் பகுதி அதில்தான். பிறபொருளெதிரி குறிவைக்கும் முக்கிய இடமும் அதுவே. ஓ வகையில் இப்படி ஐந்து இடங்கள் அடையாளம் காணப்பட்டிருக்கின்றன. ஐந்து இடத்தில் குறி சுட்ட மாட்டை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு குறியைக் கள்ளன் அழித்தாலும் மற்ற நாலையும் பார்த்துச் சொந்தக்காரர் பிடித்துவிடுவார். மூன்று அழிந்தால் சந்தேகம் வரும். ஊசியால் வரும் பிறபொருளெதிரியும் பல இடங்களைப் பிடிக்கும் கலவைதான். அதனால் ஒரு விகாரத்தோடு முழுப் பாதுகாப்பும் போய்விடுவது அரிது.

இனி ஆர்1. ஊசி போட்ட மாட்டின் நீர்ப்பாயத்தை (இரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிந்த நீரை) எடுத்து, அது ஊசியில் உள்ள வைரசையும் களத்தில் பிடித்த வைரசையும் எந்த ஐதாக்கல் (நீர்க்கச் செய்தல்) வரை முடக்குகிறது என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். கள வைரசுக்கு வந்த பெறுமானத்தை ஊசி வைரசுக்கு வந்த பெறுமானத்தால் வகுத்தால் ஆர்1.

செய்முறை இப்படி: நீர்ப்பாயத்தை 56 °செ. இல் 30 நிமிடம் சூடாக்கணும். 96 குழித் தட்டில் 1/4 இலிருந்து தொடங்கி இரட்டிப்பு இரட்டிப்பாக ஐதாக்கணும், குழிக்கு 50 மைக்ரோ லீற்றர். அதே அளவு வைரஸ் கரைசல், அதில் 100 தொற்று அலகளவு. 37 °செ. இல் ஒரு மணித்தியாலம். பிறகு கலக் கரைசல் 50 மைக்ரோ லீற்றர், மில்லி லீற்றருக்கு 10 இலட்சம் கலம். மூடி வைத்து 48 மணித்தியாலத்தில் நுணுக்குக்காட்டியில் பார்த்து, மூன்றாம் நாள் போமலினில் நிலைப்படுத்தி நிறமேற்றி வாசிக்கலாம். பாதிக் குழிகளில் கலங்கள் தப்பிய கடைசி ஐதாக்கல்தான் பெறுமானம்.

ஊசி வைரசுக்கு 1/512, கள வைரசுக்கு 1/256 என்றால் ஆர்1 = 0.5. கள வைரசுக்கு 1/128 தான் வந்தால் 0.25. இந்தப் பரிசோதனையில் 0.3 உம் அதற்கு மேலும் நெருக்கம், அதற்குக் கீழே தூரம்.

பிழை எங்கே வரும்? போட்ட வைரஸ் அளவு 32 க்கும் 320 க்கும் இடையில் நிற்கணும். கூடிப்போனால் பிறபொருளெதிரி குறைவாகத் தெரியும், குறைந்தால் கூடுதலாகத் தெரியும். 0.5 க்கும் 0.25 க்கும் இடையில் இருப்பது ஒரேயொரு ஐதாக்கல் படி என்பதையும் பாருங்கள். ஒரே நாளில் ஒரே ஆள் செய்தாலும் அந்த ஒரு படி ஆடும். ஒரு முறை செய்து வந்த ஆர்1 ஐ யாரும் நம்பவேண்டாம். வேறு வேறு நாட்களில் மூன்று தடவையாவது செய்து சராசரி எடுத்திருக்கிறார்களா என்று கேளுங்கள்.

இது உயிருள்ள வைரசோடு செய்யும் வேலை. உயர் பாதுகாப்பு ஆய்வுகூடம் வேணும்.

வாகரை_எருமை

மிஸ், அப்ப ஆர்1 0.25 எண்டா ஊசி கால்வாசிதான் வேலை செய்யும் எண்டு எடுக்கலாமா? 100 எருமையில 25 தான் தப்பும் எண்டு?

நீர்ப்பாயம்

இல்லை. பலரும் இப்படித்தான் வாசிக்கிறார்கள், அதனால்தான் ஊசியில் நம்பிக்கை போகிறது. ஆர்1 காட்டுவது இரண்டு வைரசும் எவ்வளவு ஒத்தவை என்பதை மட்டும். எத்தனை மாடு தப்பும் என்பது, ஒற்றுமையோடு மாட்டின் உடம்பில் பிறபொருளெதிரி எவ்வளவு நிற்கிறது என்பதையும் சேர்த்துத்தான் தீரும்.

கணக்காகவே பார்ப்போம். மேலே சொன்ன முடக்கல் பரிசோதனையில் 1/45 உம் மேலும் நேர், அதாவது பிறபொருளெதிரி உண்டு. 1/16 க்குக் கீழே எதிர், அதாவது இல்லை. இடையில் உள்ளது சந்தேகம். ஒரு ஊசி மட்டும் போட்டுச் சில மாதம் போன மாடு ஒன்றுக்கு ஊசி வைரசுக்கு எதிராக 1/90 இருக்கிறது என்று வைப்போம். ஆர்1 0.25 ஆன கள வைரஸ் வந்தால் அது நாலில் ஒன்று, 1/22 அளவு. சந்தேக வலயத்துக்குள் போய்விட்டது. ஆர்1 1 ஆன வைரஸ் வந்திருந்தால் அதே மாடு 1/90 இல் நின்றிருக்கும். இரண்டாவது ஊசியும் போட்டு 1/720 க்கு ஏறிய மாட்டுக்கு அதே 0.25 வைரஸ் வந்தாலும் 1/180 கையில் இருக்கிறது.

இரண்டாவது ஊசி அளவை மட்டும் ஏற்றுவதில்லை. பிறபொருளெதிரி சுரக்கும் கலங்கள் திரும்பவும் தேர்வுக்கு உள்ளாகி, ஒட்டும் வலு கூடி, முதலில் பிடிக்காத இடங்களையும் பிடிக்கத் தொடங்கும். பொருத்தம் குறைந்த வைரசுக்கு இரண்டாவது ஊசி இவ்வளவு கைகொடுப்பது அதனால்தான்.

ஊசியின் வீரியமும் இதே கணக்கில் சேரும். அதற்கு பீ.டி.50 என்ற அலகு. 3 பீ.டி.50 என்றால் அந்த ஒரு ஊசிக்குள், பாதி மாடுகளைக் காக்கும் அளவுபோல 3 மடங்கு இருக்கிறது. வழமையான ஊசிக்கு ஆகக் குறைந்தது 3. அவசரத்துக்கு வைக்கும் ஊசிக்கு 6. வீரியம் கூடிய ஊசி பொருத்தமில்லாத கள வைரசுக்கு எதிராகவும் மாடுகளைக் காத்ததை ஏ வகையில் தொற்றுச் சோதனை செய்தே காட்டியிருக்கிறார்கள். 0.3 க்குக் கீழே வந்துவிட்டால் ஊசியைக் குப்பையில் போடுவது என்று அர்த்தமில்லை. வீரியத்தைக் கூட்டணும், இடைவெளியைக் குறைக்கணும், பொருத்தமான வைரஸ் கொண்ட ஊசியைத் தேடணும்.

படுவான்கரை_டொக்டர்

மிஸ் சொன்ன கணக்கோட களத்தைச் சேத்துப் பாக்கணும். ஊசி போட்ட பட்டியில நோய் வந்தா, புது வைரஸ் எண்டு சொல்ல முதல் ஒண்டொண்டாக் கழிக்கவேண்டிய காரணங்கள் இரிக்கு. நான் விசாரிக்கிற ஒழுங்கிலேயே எழுதுறன்.

முதல் கேள்வி, ஒரு ஊசியா ரெண்டா? வாழ்க்கையில முதல் தரம் ஊசி போடுற மாட்டுக்கு 3, 4 கிழமையால ரெண்டாவது கட்டாயம். அது விடுபட்டா பிறபொருளெதிரி சில மாசத்துக்குள்ளேயே சரிஞ்சிரும். காட்டுக்குள்ள விட்ட பட்டியில ரெண்டாவது தரம் எல்லா மாட்டையும் திரும்பப் பிடிக்கிறது எவ்வளவு கஷ்டம் எண்டு எல்லாருக்கும் தெரியும். ஆனா நோய் உள்ள வாறது அந்த இடைவெளியாலதான்.

ரெண்டாவது, கண்டுகள். ஊசி போட்ட பசுவின்ர கடும்புப்பால் குடிச்ச கண்டுக்குத் தாயின்ர பிறபொருளெதிரி இரிக்கும். அது ஊசியையும் முடக்கிப்போடும். அதால 4 மாசத்தில முதல் ஊசி, 5 மாசத்தில ரெண்டாவது. 2 மாசக் கண்டுக்குப் போட்டுட்டு "போட்டாச்சு" எண்டு எழுதினா அந்தக் கண்டு பட்டிக்குள்ள திறந்த கதவு. நோய் வந்தா சாகிறதும் கூடுதலா கண்டுகள்தான். வைரஸ் இதயத் தசையைத் தாக்கும், கொப்புளம் வெளியில தெரிய முதலே விழுந்து சாகும்.

மூன்றாவது, எத்தனை மாடு பிடிபட்டது? நூற்றுக்கு 80 க்குக் குறையாமப் போடணும். கறவைப் பசுவை மட்டும் பிடிச்சுப் போட்டுட்டு நாம்பன், கிடாரி, எருமையை விட்டா வைரஸ் சுத்திக்கொண்டே இரிக்கும்.

நாலாவது, குளிர்ச்சங்கிலி. இதில கொஞ்சம் நிண்டு எழுதணும். ஊசிக்குள்ள நல்ல பிறபொருளெதிரியை உண்டாக்கிறது உடையாத முழு வைரஸ் துகள், 146 எஸ் எண்டு சொல்றது. சூடு பட்டா, அமிலம் பட்டா அது 12 எஸ் துண்டுகளா உடையும். உடைஞ்ச துண்டுக்கும் பிறபொருளெதிரி வரும், ஆனா முழு வைரசை முடக்க அது பெரிசா உதவாது. நமக்கு வாற ஓ வகையின்ர உறை, ஏ வகையை விட இலகுவில உடையிற சாதி. அதால 2–8 °செ. எண்டு லேபிளில இரிக்கிறதை வேதமா எடுக்கணும்.

உறைஞ்சாலும் போச்சு. எண்ணெய்க் குழம்பு பிரிஞ்சிரும், குலுக்கினாலும் திரும்பச் சேராது. ரெஜிபோம் பெட்டிக்குள்ள உறைகுளிர்ப் பெட்டியால எடுத்த கையோட ஐஸ் பக் வெச்சு, போத்தலை அதோட ஒட்டி அடுக்கிறது பெரிய பிழை. ஐஸ் பக்கை வெளியில வெச்சு, மேல தண்ணி வேர்த்து உள்ள ஐஸ் குலுங்கிற சத்தம் கேக்கிற வரைக்கும் விடணும். பத்திரிகைத்தாளில சுத்தி ஓரத்தில வெக்கணும், போத்தல் நடுவில, ஒரு வெப்பமானி உள்ள. பெட்டியை மரநிழலில வெச்சு, தேவையான போத்தலை மட்டும் எடுங்க. திறந்த போத்தல் அண்டைக்கே முடியணும். அடுத்த நாளைக்கு வெக்கக்கூடாது.

ஊசி போடுற நேரம் விடியற்காலை, வெயில் ஏற முதல். எண்ணெய் ஊசி எண்டா கழுத்து நடுவில தசைக்குள்ள ஆழமா. தோலுக்கும் தசைக்கும் இடையில போனா கட்டி வரும், மருந்தும் ஒழுங்காச் சேராது. போத்தலை மெதுவாத் தலைகீழாப் புரட்டிக் கலக்கணும், நுரைக்கக் குலுக்கக்கூடாது. சிறிஞ்சைக் கிருமிநாசினியால கழுவிட்டு உடனே மருந்து ஏத்தினாலும் மருந்து கெடும். கொதிச்சு ஆறின தண்ணியால அலசணும்.

ஐந்தாவது, ஊசி போட முதலே வைரஸ் உள்ள வந்திட்டுதா? நோயரும்பு காலம், அதாவது தொத்தினதில இருந்து நோய் வெளியில தெரியிற வரைக்கும், 2 இலிருந்து 14 நாள். தொத்தின மாட்டுக்கு ஊசி போட்டா நாலாம் நாள் கொப்புளம் வரும், "ஊசிதான் நோயைக் கொண்டுவந்தது" எண்டு ஊர் பேசும். ஊசி போடுற ஆக்களின்ர சப்பாத்து, கை, ஊசி முனையாலயே பட்டிக்குப் பட்டி காவின சந்தர்ப்பமும் இரிக்கும். நோய் வந்த ஊரில வெளிவட்டத்தில இருந்து உள்ளுக்குப் போகணும், நோயுள்ள பட்டிக்குக் கடைசியாத்தான் காலெடுத்து வெக்கணும். மாட்டுக்கு மாடு ஊசி முனையை மாத்தணும். 4 வீத சோடியம் காபனேற்று, அதாவது சலவைச் சோடாக் கரைசல், சப்பாத்துக்கு நல்லம். 4 வீதம் எண்டு எழுதின வினாகிரியில அதே அளவு தண்ணி விட்டாலும் கிட்டத்தட்ட 2 வீத அசற்றிக் அமிலம், அதுவும் இந்த வைரசைக் கொல்லும்.

இந்த அஞ்சும் கழிஞ்சாத்தான் ஆறாவது, வைரஸ் மாறிட்டுதா எண்ட கேள்வி.

சம்மாந்துறை_காக்கா

டொக்டர், நீங்க சொன்னதில பிழை இல்ல. ஆனா ஆறாவதைக் கடைசிக்குத் தள்ளித் தள்ளியே அதை ஒருத்தரும் பாக்காம விட்டுருவாங்க எண்டுதான் என்ர பயம். "நீ ஒழுங்காப் போடல்ல" எண்டு பழி பட்டிக்காரன் தலையில விழும். ஓ வகைக்குள்ள இந்த்-2001 பரம்பரை நம்ம துணைக்கண்டத்தில இருந்து கிளம்பி 2013 இல லிபியா, சவூதி வரைக்கும் போச்சு, 2014 இல அல்ஜீரியா, துனீசியா, 2015 இல லாவோஸ், வியட்நாம். இலங்கையில 2014 இல வந்த பெரிய அலையும் அதே பரம்பரைதான். அதுக்குப் பிறகு இந்தியாவில 2018 இல இன்னொரு புதுக் கூட்டம். வைரஸ் நிக்கிற இடத்தில நிக்கல்ல. ஊசிக்குள்ள இரிக்கிற வைரஸ் மட்டும் பழசு.

நீர்ப்பாயம்

காக்கா சொன்ன பரம்பரை விபரம் சரி. ஆனால் பரம்பரை புதிது என்பதும் ஊசிக்குத் தப்பும் என்பதும் ஒன்றல்ல.

பரம்பரைப் பெயர் வைப்பது வீ.பி.1 இன் மரபுத் தொடரைப் பார்த்து. அதில் பல மாற்றங்கள் பிறபொருளெதிரி தொடாத இடத்தில் இருக்கலாம். இந்திய ஊசிகளில் ஓ வகைக்கு 1975 இல் எடுத்த ஆர்2/75 என்ற வைரஸ்தான் நீண்ட காலமாக இருக்கிறது. பரம்பரை பல தடவை மாறியும் அங்கு சோதித்த ஓ வகைக் கள வைரசுகளில் பெரும்பாலானவை அதற்கு 0.3 க்கு மேல்தான் நின்றிருக்கின்றன. மறுபக்கம் ஏ வகையைப் பாருங்கள். ஆசியா ஜி-7 என்ற பரம்பரை 2015 இல் சவூதிக்குப் போனபோது, அங்கே பாவனையில் இருந்த ஏ வகை ஊசிகள் பல அதற்குப் பொருந்தவில்லை என்று பரிசோதனையில் தெரிந்தது. ஏ வகை இந்த விதத்தில் ஓ வகையைவிட அதிகம் மாறக்கூடியது.

மரபுத் தொடர் எச்சரிக்கை மணி அடிக்கும். தீர்ப்பைச் சொல்வது நீர்ப்பாயமும் உயிருள்ள வைரசும் சந்திக்கும் அந்தத் தட்டு. அதற்குக் களத்திலிருந்து நல்ல மாதிரி வரணும். காக்காவின் பயம் நியாயமானது: மாதிரி அனுப்பாமல் "குளிர்ச்சங்கிலிப் பிழை" என்று எழுதி மூடுவதும், மாதிரி அனுப்பாமல் "புது வைரஸ்" என்று பரப்புவதும் ஒரே அளவு கெடுதல்.

வாகரை_எருமை

இடையில ரெண்டு கேள்வி. கொரோனாக்கு ஊசி போட்ட ஆக்களுக்கும் ஒமிக்ரோன் வந்திச்சு, ஆனா கடுமையாகல்ல. மாட்டுக்கும் அப்படி எதிர்பாக்கலாமா? மற்றது, லம்பி ஸ்கின் நோய்க்கு (மாட்டுத் தோலில கட்டி கட்டியா வாறது) ஆட்டம்மை ஊசி கூட வேலை செய்யுது எண்டு சொல்றாங்க. அங்க வேற வைரஸ் ஊசியே போதும், இங்க ஒரே வகைக்குள்ளேயே சண்டை. ஏன்?

நீர்ப்பாயம்

ஒமிக்ரோன் உதாரணம் பொருத்தமானது. ஆனால் பாதிவழிதான் வரும். 2021 நவம்பரில் வந்த அந்த வைரசின் முள்ளுப் புரதத்தில் 30 க்கு மேல் மாற்றம், கலத்தோடு ஒட்டும் பகுதியில் மட்டும் ஏறத்தாழ 15. இங்கிலாந்துத் தரவில், பைசர் இரண்டு ஊசி அறிகுறியுள்ள ஒமிக்ரோனை 2–4 கிழமையில் 65.5 வீதம் தடுத்தது, 25 கிழமைக்குப் பிறகு 8.8 வீதமாகச் சரிந்தது. மூன்றாவது ஊசி அதை 67.2 க்கு ஏற்றி, 10 கிழமைக்குப் பிறகு 45.7 இல் வைத்தது. கடும் நோய்க்கு எதிரான காப்பு இவ்வளவு சரியவில்லை. தொற்றிய கலங்களை அழிக்க உதவும் ரீ கலங்கள் அடையாளம் காணும் துண்டுகளில் பெரும்பகுதி மாறாமல் இருந்ததும், ஞாபகக் கலங்கள் திரும்ப எழும்பச் சில நாள் அவகாசம் கிடைத்ததும் அதற்குக் காரணம்.

கால் வாய் நோயில் அந்த அவகாசம் குறைவு. தொற்றி 2, 3 நாளிலேயே இரத்தத்தில் வைரஸ் பெருகி வாயிலும் குளம்பிலும் கொப்புளம் வந்துவிடலாம். ஞாபகக் கலம் எழும்பும் வரை காத்திருக்க நேரமில்லை. அந்த நேரத்தில் ஏற்கெனவே இரத்தத்தில் நிற்கும் பிறபொருளெதிரிதான் கணக்கு. ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடச் சொல்வது இதனால்தான்.

லம்பி ஸ்கின் வைரஸ் டீ.என்.ஏ. வைரஸ், ஏறத்தாழ 1,50,000 எழுத்து, பிழை திருத்தும் நொதியம் உண்டு. ஆட்டம்மையும் அதுவும் நெருங்கிய உறவு, பிறபொருளெதிரி இரண்டையும் பிடிக்கும். உயிருள்ள ஊசி என்பதால் காப்பும் பரவலாக வரும். கால் வாய் ஊசி கொல்லப்பட்ட வைரஸ்.

கிரான்_பட்டி

அப்ப மாதிரிக்கு வருவம். கொப்புளம் கண்ட உடனே பட்டிக்காரன் என்ன செய்யணும், என்ன செய்யக்கூடாது?

படுவான்கரை_டொக்டர்

1992 ஆம் ஆண்டின் 59 ஆம் இலக்க விலங்கு நோய்கள் சட்டத்தின் கீழ இது அறிவிக்கவேண்டிய நோய். பிரிவுக் கால்நடை வைத்திய அதிகாரிக்கு அண்டைக்கே சொல்லணும். மாதிரி எடுக்கிறது எங்கட வேலை. ஆனா நாங்க வந்து சேர முதல் பட்டியில நடக்கிற ஒரு காரியம் முழு மாதிரியையும் கெடுத்துரும்: வாய்ப் புண்ணுக்குத் தேசிப்புளி, பழப்புளி, வினாகிரி பூசுறது. பி.எச். 6.5 க்குக் கீழ போனாலே இந்த வைரஸ் செயலிழக்கத் தொடங்கும். புண்ணுக்கு மருந்து வேணாம் எண்டு சொல்லல்ல. மாதிரிக்கு எண்டு புதுசா நோய் வந்த ரெண்டு மூணு மாட்டை மட்டும் தொடாம வெச்சிருங்க, மத்ததுக்குப் பூசுங்க.

எந்த மாடு? எல்லாரும் பாவம் எண்டு கடுமையா நொந்து படுத்ததைக் காட்டுவாங்க. அது அஞ்சாறு நாள் பழசு, அதில வைரஸ் குறைவு. இண்டைக்கு அல்லது நேத்துக் காய்ச்சல் வந்து எச்சில் வடிக்கத் தொடங்கினது, கொப்புளம் உடையாதது அல்லது இப்பதான் உடைஞ்சது, அதுதான் வேணும்.

கையுறை போட்டு, வாயை வெறும் தண்ணியால அலசி, கொப்புளத்தின்ர மேல்தோலை இடுக்கியால உரிச்சு எடுக்கணும். 1 கிராம், அல்லது 2 சதுர சென்ரிமீற்றர். நாக்குத் தோல் நல்லம். குளம்பிடைத் தோலில சேறும் பற்றீரியாவும் கூட. உடையாத கொப்புளம் எண்டா முதல் சிறிஞ்சால நீரை உறிஞ்சித் தனிக் குப்பியில எடுக்கணும். தோலைப் போடுற கரைசல் பாதி கிளிசரின், பாதி 0.04 எம் பொசுபேற்றுத் தாங்கற் கரைசல், பி.எச். 7.2 இலிருந்து 7.6 வரை, நுண்ணுயிர்கொல்லி சேர்த்தது. போமலின், ஸ்பிரிட் ரெண்டும் கூடாது, வைரஸ் செத்திரும். மூடியை இறுக்கி வெளியில கிருமிநாசினியால துடைச்சு, ரெண்டு பையில போட்டு, ஐசோட அதே நாள் அனுப்பணும். பொல்கொல்லையில உள்ள விலங்கு வைரஸ் ஆய்வுகூடத்துக்கு இது போகும். அங்கால தேவை எண்டா இங்கிலாந்து பிர்பிறைற்றில உள்ள உலக உசாத்துணை ஆய்வுகூடத்துக்கும் அனுப்பலாம்.

விரைவுப் பட்டைச் சோதனையில "ஓ" எண்டு வந்திட்டா வேலை முடிஞ்சுது எண்டு நினைக்காதீங்க. அது வகையை மட்டும் சொல்லும். ஊசிக்குப் பொருந்துமா எண்டு சொல்லாது.

புண் ஆறினதுக்குப் பிறகு சொன்னா தோல் எடுக்கேலாது. அப்ப புரோபாங் எண்ட கரண்டியால தொண்டைச் சளி எடுக்கலாம், ஆனா வைரஸ் கிடைக்கிற வாய்ப்புக் குறைவு.

சம்மாந்துறை_காக்கா

குர்பான் காலத்துக்கு முதல் வெளி மாவட்டத்தில இருந்து மாடு வாறது கூட. விக்கிறவர் "இரத்தம் பாத்தாச்சு, பிறபொருளெதிரி நேர், பயமில்ல" எண்டு கடுதாசி காட்டுவார். அந்தக் கடுதாசியை நம்பலாமா?

நீர்ப்பாயம்

எந்தப் பிறபொருளெதிரி என்று பார்க்கணும் காக்கா. உறைப் புரதத்துக்கு எதிரானது ஊசியாலும் வரும், நோயாலும் வரும். வைரஸ் கலத்துக்குள் பெருகும்போது மட்டும் உண்டாகும் புரதங்கள் சில உண்டு. 3ஏபிசி அதில் ஒன்று. சுத்திகரித்த ஊசியில் அது இருக்காது. 3ஏபிசி எலைசா (இரத்தத்தில் அதற்கெதிரான பிறபொருளெதிரியைத் தேடும் சோதனை) நேராக வந்தால் அந்த மாடு உண்மையான வைரசைச் சந்தித்திருக்கிறது என்பதே பெரும்பாலும் பொருள். அப்படியான மாடு 28 நாளுக்குப் பிறகும் தொண்டையில் வைரசைக் காவலாம், மாடுகளில் மூன்றரை வருடம் வரை பதிவு உண்டு. ஊசி போட்ட மாடும் இப்படி வைரஸ் காவியாகலாம். சுத்திகரிப்புக் குறைந்த ஊசியைப் பல தடவை போட்ட மாட்டிலும் 3ஏபிசி நேராக வரும், அதனால் ஒரு மாட்டை வைத்துத் தீர்மானிக்காமல் கூட்டமாகப் பார்க்கணும்.

அந்தக் கடுதாசியில் எலைசா "நேர்" என்று மட்டும் இருந்தால், அது எந்த வைரசுக்கு எதிராக அளந்தது என்பதையும் பாருங்கள். ஊசி வைரசையே வைத்துச் செய்த எலைசா, நம்ம பக்கம் சுற்றும் வைரசுக்கு எதிராக எவ்வளவு என்று சொல்லாது. கிரான் நண்பர் முதலில் கேட்ட முரண்பாட்டுக்கும் பதில் இதுதான்: அறிக்கை பொய்யில்லை, அளந்தது வேறு வைரசுக்கு எதிராக. கடுதாசி எதுவானாலும் வாங்கின மாட்டை 14 நாளாவது தனிப் பட்டியில், தனித் தண்ணீர்த் தொட்டியில் வையுங்கள்.

ஊசி பிடித்ததா என்று பார்க்க விரும்பினால் ரெண்டாவது ஊசிக்கு 28 நாளுக்குப் பிறகு, 6 இலிருந்து 12 மாத வயதுக் கண்டுகளில் இரத்தம் எடுங்கள். கிழட்டு மாட்டில் எடுத்தால் பழைய ஊசியும் பழைய நோயும் சேர்ந்து நல்ல எண்ணாகவே வரும், இந்தமுறை மருந்து சரியா என்று தெரியாது.

கிரான்_பட்டி

காலக் கணக்குச் சொல்லுங்க டொக்டர். ஐப்பசியில மாடு மேல ஏறும். அங்க பொலன்னறுவைப் பக்கத்து மாடுகளும் சேரும்.

படுவான்கரை_டொக்டர்

அப்ப பின்னால இருந்து எண்ணுங்க. மாடுகள் ஒண்டாக் கலக்கிறதுக்கு ஆகக் குறைஞ்சது ரெண்டு கிழமைக்கு முதல் ரெண்டாவது ஊசி முடியணும். அதுக்கு நாலு கிழமைக்கு முதல் முதலாவது. ஆவணி நடுவில ஒண்டு, புரட்டாதி நடுவில ரெண்டு. அந்த நேரம் மாடுகள் ஊர்ப்பக்கம் வயலில நிக்கும், பிடிக்கவும் லேசு. ஏற்கெனவே ரெண்டும் போட்டு ஒழுங்கா ஆறு மாசத்துக்கொருக்காப் போட்டுவாற மாட்டுக்குப் புரட்டாதியில ஒண்டு போதும். பங்குனியில, வெட்டு முடிஞ்சு மாடு கீழ இறங்கக்குள்ள, அடுத்தது. அதோட மாரியில பிறந்து 4 மாசம் தாண்டின கண்டுகளுக்கு முதல் ஊசி. சினைப் பசுவை விடாதீங்க. கடைசி மாசத்தில இருக்கிறதை மட்டும் ஓடவிடாம, கயிறெறிஞ்சு விழுத்தாம, ஆறுதலாப் பிடிச்சுப் போடுங்க. ரெண்டொரு நாள் பால் குறையும், பிறகு திரும்பும்.

வட்டமடுப் பக்கம் மேயிற அக்கரைப்பற்று, திருக்கோவில் பட்டிகளுக்கும் கணக்கு இதேதான். ஒரு மேய்ச்சல்தரைக்குப் போற பட்டிகள் எல்லாம் ஒரே கிழமையில போடணும். ஒரு பட்டி மட்டும் போட்டு மத்தது விட்டா, 0.3 க்கு மேல ஆர்1 இரிந்தாலும் வைரஸ் அளவு கூடக்கூட ஊசி போட்ட மாடும் தாங்காது.

வாகரை_எருமை

எருமைக்கும் இதே அளவா?

படுவான்கரை_டொக்டர்

ஓம், மாட்டுக்குப் போடுற அளவுதான், லேபிளைப் பாருங்க. எருமையில கொப்புளம் சின்னனா வந்து தெரியாமலே ஆறலாம். நொண்டாத எருமைக்கு நோயில்ல எண்டு நினைக்காதீங்க.

கிரான்_பட்டி

கடைசியா ஒண்டு. ஊசிப் பதிவு அட்டையில திகதியும் மாட்டு எண்ணிக்கையும்தான் எழுதுறம். வேற என்ன வேணும்?

நீர்ப்பாயம்

ஊசியின் வர்த்தகப் பெயர், தொகுதி இலக்கம், காலாவதித் திகதி, அதில் இருக்கும் வைரசின் பெயர் (போத்தலில் அல்லது உள்ளே வரும் தாளில் அச்சாகியிருக்கும்), பெட்டியைத் திறந்தபோது வெப்பமானி காட்டிய அளவு, ஒவ்வொரு மாட்டின் காதுப்பட்டி இலக்கம், அது முதல் ஊசியா ரெண்டாவதா என்பது. பிடிபடாமல் போன மாடுகளின் இலக்கத்தைத் தனியாக எழுதுங்கள். வெறும் போத்தலை எறிய முதல் லேபிளைக் கைபேசியில் படம் பிடித்து வையுங்கள். பிறகு கொப்புளத் தோல் வந்து சேரும்போது, அதை எந்த ஊசி வைரசோடு, எந்த நீர்ப்பாயத்தோடு ஒப்பிடுவது என்று ஆய்வுகூடம் முதலில் கேட்பது அந்தப் பெயரைத்தான்.